கணக்கிடும் பொறி கண்ட சார்லஸ் பாபேஜ்

ஆக்கல், காத்தல் என்னும் இரு தொழில்களுள் ஆக்கலையே உலகம் பெரிதும் கொண்டாடுகின்றது. ஒன்றைப் புதிதாகப் படைத்தவன் பெயர் ஏட்டில் ஏறுகின்றது. அதனைப் பழுது நீக்கிக் காத்தவன் பெயர் பெரும்பாலும் மறைந்தொழிகின்றது. இவ்வழக்கிற்குப் புறனடையாய் நிற்பதொன்று நம் தமிழகத்திலே உண்டு. புதுக்கோட்டைக்கு வடமேற்கே ஏறத்தாழ 16 கிலோமீட்டர் தொலைவிலுள்ள சித்தன்னவாசற் குன்றில், அறிவர் கோயில் என்னும் சமணக் குகைக்கோயில் இருக்கின்றது. அதன் விதானத்தில் தாமரைத் தடாகமும், அதன்கண் மீனும் அன்னமும் களிறும், மலர் கொய்யும் மாந்தரும் ஓவியமாகத் தீட்டப்பட்டிருத்தலை நம்மில் அறியாதார் இலர். அக்கோயிலை முதற்கண் குடைவித்தார் பல்லவரோ பாண்டியரோ என்று அறிஞர் இன்றும் வழக்கிடுவர். ஆனால் அதனைப் புதுக்கியவர் யாவர் என்பதில் ஐயமில்லை. 9-ஆம் நூற்றாண்டில், அவனிபசேகரன் ஸ்ரீவல்லபன் என்னும் பாண்டியன் காலத்தே, இளங்கௌதமன் என்னும் மதுரையாசிரியர் உள்மண்டபத்தைப் புதுக்கி முன்மண்டபமும் எடுப்பித்தார் என்று அங்குள்ள தமிழ்க் கல்வெட்டு அறிவிக்கின்றது. அம்முன்மண்டபமும் காலத்தால் வீழ்ந்தது. 20-ஆம் நூற்றாண்டில் டாட்டன்ஹாம் துரை புதுக்கோட்டைச் சமஸ்தான நிர்வாகத்தை நடத்திய நாளில், குடுமியான்மலைத் தூண்கள் கொணரப்பெற்று, இன்று நாம் காணும் முகப்பு அமைந்தது. படைத்தவர் பெயர் மறைய, காத்தவர் பெயர் நிலைத்த இடம் அது.

கல்லுக்கும் சுதைக்கும் உரிய இவ்வுண்மை பித்தளைக்கும் இரும்புக்கும் உரியதே. தாம் கண்ட பொறியைத் தம் வாழ்நாளில் முடிக்கலாகாது மனமுடைந்து மாண்ட ஒருவரை, அவர் மறைந்து 120 ஆண்டுகள் கழிந்தபின் ஓர் அருங்காட்சியகத்தார் பழியினின்றும் மீட்ட வரலாறு ஒன்றுண்டு. கணிப்பொறியின் தந்தை எனப் போற்றப்பெறும் சார்லஸ் பாபேஜ் என்பாரே அவர். அவர் வாழ்க்கையையும், அவர் பொறி பிழைத்த வகையையும் ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

பிறப்பும் கல்வியும்

பாபேஜ் 1791-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 26-ஆம் நாள் இலண்டன் மாநகரிற் பிறந்தார். தந்தையார் செல்வம் மிக்க வங்கியாளர். பிள்ளைப் பருவத்தே உடல் நலிவுற்றிருந்தமையின், பள்ளியினும் வீட்டிலேயே மிகுதியும் கற்றார். விளையாட்டுப் பொருள் எது கைக்கு வரினும், அதன் உள்ளே என்ன இருக்கின்றது என்று வினவுதல் அவர்தம் இயற்கை. விடை கிடையாவிடின் அதனைப் பிரித்துப் பார்த்தே அமைவார்.

1810-இல் கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலையிற் புகுந்தபோது, அவர் தாமே பயின்று கொண்ட கணிதம் ஆங்குப் போதிக்கப்பெற்ற கணிதத்தினும் முற்போக்குடையதாய் இருந்தது. நியூட்டன்மேற் கொண்ட பற்றினால் ஆங்கிலேயர் அவருடைய பழைய குறியீட்டு முறையையே கைக்கொண்டிருந்தனர். ஐரோப்பாவின் பிற நாட்டார் லைப்னிட்ஸின் எளிய முறையைத் தழுவி நெடுந்தூரம் முன்சென்றனர். இக்குறையை நீக்கக் கருதிய பாபேஜ், ஹெர்ஷல், பீகாக் முதலிய நண்பரோடு கூடி 1812-இல் ஒரு கழகம் நிறுவினார். மாணவர் சிலர் கூடித் தொடங்கிய அக்கழகத்தின் முயற்சியால் இங்கிலாந்தின் கணிதக் கல்வியே நாளடைவில் திருந்திற்று. மாணவர் கழகங்களைப் பொழுதுபோக்கு என்று இகழ்வார் இதனைக் கருதுவாராக. 1814-இல் பட்டம் பெற்ற அவர், அவ்வாண்டிலேயே ஜார்ஜியானா என்னும் நங்கையை மணந்து இலண்டனில் குடியேறினார். 1816-இல், 25 வயது நிரம்பாமுன்னரே, ராயல் சொஸைட்டியின் உறுப்பினரானார்.

பிழை மலிந்த வாய்பாடுகள்

அக்காலத்தே கப்பலோட்டுவார்க்கும், வானநூலார்க்கும், நில அளவையார்க்கும் உற்ற துணையாய் இருந்தவை அச்சிட்ட எண் வாய்பாடுகளே. அவற்றைக் கணக்கிட்டவர் கையாற் கணக்கிட்டனர். படியெடுத்தவர் கையாற் படியெடுத்தனர். அச்சுக் கோத்தவரும் கையாலேயே கோத்தனர். மூவர் கையிலும் பிழை நேர்தல் கூடும். நடுக்கடலிற் செல்லும் மாலுமிக்கு வாய்பாட்டில் உள்ள ஓர் எண் பிழைபடின், கப்பல் பாறையில் மோதினும் மோதும்.

1821-இல் பாபேஜும் ஹெர்ஷலும் வானநூல் வாய்பாடுகளின் இருபடிகளை ஒப்புநோக்கிக் கொண்டிருந்தனர். பிழைக்குமேற் பிழை தோன்றக் கண்டு சலிப்புற்ற பாபேஜ், இக்கணக்குகளை நீராவியே செய்து முடிக்கலாகாதா என்று ஏங்கினார். ஹெர்ஷல் அது கூடும் என்றார். அன்று எழுந்த எண்ணம் அவர்தம் எஞ்சிய 50 ஆண்டுகளையும் தனக்கே அடிமையாக்கிக் கொண்டது.

வேற்றுமைப் பொறி

அவர் கருதிய பொறியின் அடிப்படை மிகவும் எளியது. 1, 4, 9, 16, 25 என்னும் வர்க்க எண்களை நோக்குக. அடுத்தடுத்த எண்களின் வேற்றுமை 3, 5, 7, 9 ஆகும். இவ்வேற்றுமைகளின் வேற்றுமையோ எவ்விடத்தும் 2 ஆகும். ஆதலின், அடுத்த வர்க்கத்தைக் காணப் பெருக்கல் வேண்டுவதில்லை. 9-ஓடு 2-ஐக் கூட்டின் 11. 25-ஓடு 11-ஐக் கூட்டின் 36. இங்ஙனம் கூட்டல் ஒன்றே கொண்டு எத்துணை நீண்ட வாய்பாட்டையும் இயற்றலாம். கூட்டுதல் பற்சக்கரத்தாற் செய்தற்கு எளிது. 10 பற்களையுடைய சக்கரம் ஓர் எண்ணைக் குறிக்கும். அது ஒரு சுற்று முடிந்தவுடன் அடுத்த சக்கரத்தை ஒரு பல் நகர்த்தும். விடையைப் பொறியே அச்சுத்தகட்டிற் பதித்துவிடுமாயின், படியெடுப்போர் பிழையும் அச்சுக்கோப்போர் பிழையும் ஒருங்கே ஒழியும்.

இம்முறை பற்றி 1822-இல் சிறிய மாதிரி ஒன்று செய்து காட்டினார். அறிஞர் வியந்தனர். 1823-இல் ஆங்கில அரசினர் 1,500 பவுன் பொருளுதவி நல்கினர். ஜோசப் கிளமென்ட் என்னும் கைதேர்ந்த கம்மியர் பணியில் அமர்த்தப்பட்டார். முழுப்பொறிக்கு வேண்டிய உறுப்புக்கள் ஏறத்தாழ 25,000. ஒரே அளவினவாய்ப் பல்லாயிரம் உறுப்புக்களைச் செய்தல் அக்காலத்தார் அறியாததொன்று. ஆதலின், உறுப்புக்களைச் செய்யும் கருவிகளையே முதலில் புதிதாகச் செய்ய வேண்டியதாயிற்று. பின்னாளில் அளவைத் திட்டத்தாற் புகழ் பெற்ற விட்வொர்த் என்பாரும் கிளமென்டின் பட்டறையிற் பணி செய்தவரே.

துன்பம் சூழ்ந்த ஆண்டு

1827-ஆம் ஆண்டு பாபேஜின் வாழ்வில் இருள் சூழ்ந்த ஆண்டு. அவ்வோராண்டிலே தந்தையார் இறந்தார். மைந்தன் ஒருவன் இறந்தான். அருமை மனைவியும் அவள் ஈன்ற இளங்குழவியும் மாண்டனர். பிறந்த மக்கள் எண்மருள் மூவரே தந்தைக்குப் பின் உயிரோடிருந்தனர். ஆற்றொணாத் துயருற்ற பாபேஜ் நாட்டைவிட்டு அகன்று ஓராண்டு ஐரோப்பாவில் உலவினார். 1828-இல் ரோமாபுரியில் இருந்தபோது, ஒருகாலத்தே நியூட்டன் வீற்றிருந்த கேம்பிரிட்ஜ்க் கணிதப் பேராசிரியர் பீடம் தமக்கு அளிக்கப்பெற்றதைச் செய்தித்தாள் வாயிலாக அறிந்தார். 1839 வரை அப்பதவி வகித்தும் ஒரு சொற்பொழிவேனும் ஆற்றினாரல்லர். அவர் உள்ளம் முழுதும் பொறியிலேயே கிடந்தது. அவர் இரண்டாம் மணம் செய்து கொள்ளவில்லை. அவர்தம் பிற்கால நடையிற் காணும் கடுமைக்கு இவ்வாண்டின் புண்ணே வேர் என்று கருதுவாரும் உளர்.

அரசினர் பொருளும் கம்மியர் பிணக்கும்

1832-இல் பொறியின் ஏழில் ஒரு பகுதி இணைத்து முடிக்கப்பட்டது. அது பிழையின்றி இயங்கிற்று. பாபேஜ் தம் இல்லத்தே சனிக்கிழமைதோறும் நடத்திய விருந்துகளில் அதனைக் காண டார்வின், டிக்கன்ஸ் முதலாய பெரியோரும் வந்தனர். ஆனால் 1833-இல் பாபேஜுக்கும் கிளமென்டுக்கும் பிணக்கு மூண்டது. பட்டறையைத் தம் வீட்டருகே மாற்றுமாறு பாபேஜ் பணித்தார். அதற்கு உரிய இழப்பீடு பெறாது பெயரேன் என்றார் கிளமென்ட். வேலை நின்றது. அக்காலத் தொழில் வழக்கின்படி, பிறர் பொருளாற் செய்யப்பட்டிருப்பினும் கருவிகள் கம்மியனுக்கே உரியன. ஆதலின் அரும்பாடுபட்டுச் செய்த கருவிகள் யாவும் கிளமென்டோடு போயின. செய்து முடித்த உறுப்புக்கள் ஏறத்தாழ 12,000. அவை வாளா கிடந்தன.

அரசினர் செலவிட்ட தொகையோ 17,000 பவுனுக்கு மேற்பட்டது. ஏறத்தாழ 800 பவுனுக்கு ஒரு நீராவி இரயில் எஞ்சின் கிடைத்த காலம் அது. இருபதுக்கு மேற்பட்ட எஞ்சின்களின் விலையைக் கொடுத்தும் ஒரு பொறி முற்றுப்பெறவில்லையே என்று அமைச்சர் வருந்தியதில் வியப்பில்லை. அரச வானநூலாராகிய ஏரி என்பாரும் அப்பொறி பயனற்றது என்றே கருத்துரைத்தார். 1842-இல், பீல் முதன்மந்திரியாய் இருந்தபோது, அரசினர் கைவிட்டனர். பாபேஜ் பீலை நேரிற் கண்டு வழக்குரைத்தார். ஆனால் நயமாகப் பேசி உடன்படுவித்தல் அவர்க்குக் கைவாராத கலை. இருவரும் சினந்து பிரிந்தனர்.

பகுப்புப் பொறி

அரசினர்மேற் பழி முழுதும் சுமத்துதல் முறையன்று. 1834 முதலே பாபேஜின் கருத்து வேறொன்றிற் படர்ந்திருந்தது. வேற்றுமைப் பொறி ஒரு வகைக் கணக்கையே செய்யவல்லது. எவ்வகைக் கணக்கையும் செய்யவல்ல பொறி ஒன்று அமைத்தலாகாதா என்று எண்ணி, அவர் வகுத்ததே பகுப்புப் பொறி. எண்களைச் சேமித்து வைக்கக் களஞ்சியம் ஒன்று; அவற்றை எடுத்து அரைத்துத் தரும் ஆலை ஒன்று. இன்ன எண்ணை எடுத்து இன்னது செய்க என்று ஏவுவதற்குத் துளையிட்ட அட்டைகள். பட்டுநெசவில் பூவேலைக்கு ஜக்கார்டு என்னும் பிரெஞ்சுக்காரர் கையாண்ட அட்டைகளைக் கண்டே பாபேஜ் இம்முறையைக் கொண்டார். ஒரு விடை எய்தியபின் அவ்விடைக்கேற்ப மேற்செல்லும் வழியைத் தேர்ந்துகொள்ளவும் அப்பொறி வல்லதாய் வகுக்கப்பட்டது. இக்காலக் கணிப்பொறியின் நினைவகமும், செயலகமும், கட்டளைத் தொடரும் அவர் வரைபடங்களில் அன்றே அமைந்து கிடந்தன.

1840-இல் இத்தாலி நாட்டு டூரின் நகரில் இதனைப் பற்றி அவர் விரித்துரைத்தார். அவ்வுரையைத் தழுவி மெனபிரே என்பவர் 1842-இல் பிரெஞ்சு மொழியில் வரைந்த கட்டுரையை, பைரன் கவியின் திருமகளாகிய அடா லவ்லேஸ் சீமாட்டியார் 1843-இல் ஆங்கிலத்தில் பெயர்த்து, மூலத்தினும் நீண்ட குறிப்புக்களையும் சேர்த்தார். எண்ணையன்றி இசை முதலிய பிறவற்றையும் இப்பொறி கையாளக்கூடும் என்று முதன்முதல் எண்ணியவர் அவ்வம்மையாரே. 1852-இல் தம் 36-ஆம் வயதில் அவர் காலமானார்.

பொறியும் இறைவனும்

நம் போன்ற கிறிஸ்தவ மாணவர் கருதற்பாலதொன்றை ஈண்டுக் கூறாதிருத்தல் இயலாது. பிரிட்ஜ்வாட்டர் பிரபு வைத்துச் சென்ற பொருளால், படைப்பிற் காணும் இறைவன் அறிவை விளக்கும் நூல்கள் எட்டு வெளியாயின. பாபேஜ், யாரும் வேண்டாமலே, 1837-இல் ஒன்பதாவதாகத் தாமும் ஒன்று எழுதினார். அற்புதங்கள் இயற்கை நியதியை மீறுவன ஆதலின் நம்புதற்குரியன அல்ல என்பார்க்கு விடையிறுப்பது அதன் நோக்கங்களுள் ஒன்று. தம் இல்லத்துப் பொறியையே அவர் சான்றாகக் கொண்டார். பொறி ஒரே முறையில் எண்களை நெடுநேரம் காட்டிக்கொண்டே போகும். காண்போர் அதுவே நியதி என்று துணிவர். திடீரென்று ஒருமுறை வேறோர் எண் தோன்றும். அஃது அவர்க்கு மீறலாகத் தோன்றினும், அமைத்தவர்க்கு அன்று. முதலிலேயே அவர் அவ்வாறு வகுத்து வைத்துள்ளார். அதுபோல, அற்புதங்களும் இறைவன் ஆதியிலே வகுத்த பெருநியதியின் உறுப்பாய் இருக்கலாம் என்பது அவர் கருத்து.

இவ்வாதம் குறையுடையது என்றே எமக்குத் தோன்றுகின்றது. சக்கரங்களை முடுக்கிவிட்டு விலகி நிற்கும் கம்மியனைப் போன்றவரல்லர் நம் ஆண்டவர். அழுவாரோடு அழவும் இறங்கி வந்தவர். ஆயினும், மனைவியையும் மக்களையும் இழந்த ஒருவர் உலகம் வெறுங்குழப்பம் என்று கூறாது, நமக்குப் புலனாகாத ஒழுங்கு ஒன்று உண்டு என்று எழுதினார் என்பதை எண்ணுங்கால், அந்நூலின் வாதத்தினும் அதனை எழுதிய உள்ளம் பெரிதெனத் தோன்றுகின்றது.

முதுமையும் முடிவும்

1847 முதல் 1849 வரை, பகுப்புப் பொறியிற் கற்ற நுட்பங்களைக் கொண்டு, இரண்டாம் வேற்றுமைப் பொறி ஒன்றை வரைந்தார். இதற்கு ஏறத்தாழ 8,000 உறுப்புக்களே போதும். ஆயினும் 31 இலக்க எண்களைக் கையாளவல்லது. 1852-இல் வரைபடங்களை அரசினர்க்கு அளிக்க முன்வந்தும் அவர் ஏற்றிலர். ஓர் உறுப்பேனும் செய்யப்படாது அது தாளிலேயே நின்றது. ஸ்வீடன் தேசத்து ஷாய்ட்ஸ் என்னும் தந்தையும் மகனும் இவர் கருத்தைப் பின்பற்றிச் சிறிய பொறி ஒன்று முடித்து, 1855-இல் பாரிஸ் பொருட்காட்சியில் பொற்பதக்கம் பெற்றனர். பாபேஜ் அழுக்காறு கொள்ளாது அவர்களைப் பாராட்டி ஆதரித்தார். இஃது அவர் குணங்களுள் தலைசிறந்தது.

ஏனைய குணங்கள் யாவும் அத்தகையன என்று கூறுதற்கில்லை. தெருவில் இசைக்கருவி வாசித்துப் பிழைப்போரை அவர் பகைத்தார். அவரைத் தடுக்கும் சட்டம் 1864-இல் நிறைவேறப் பெரிதும் உழைத்தார். அதனால் தெருமக்கள் அவரை எள்ளி நகையாடினர். அவ்வாண்டிலேயே தம் வாழ்க்கை வரலாற்றையும் வெளியிட்டார். 1871-ஆம் ஆண்டு அக்டோபர் 18-ஆம் நாள் உயிர் நீத்தார். கென்ஸல் கிரீன் இடுகாட்டில் அவர் உடல் அடக்கம் செய்யப்பட்டது. பொருளை வீணாக்கியவர், கைகூடாததைக் கனாக் கண்டவர் என்பதே அன்று பலர் அவரைப் பற்றிக் கொண்ட எண்ணம்.

மகன் காத்த துண்டுகள்

தாவீதரசன் ஆலயத்திற்கு வேண்டிய பொருள்களைச் சேர்த்து வைக்க, அவன் மகன் சாலொமோன் கட்டி முடித்தான் என்று வேதத்திற் படிக்கின்றோம். பாபேஜின் மைந்தருள் இளையவராகிய ஹென்றி, இளமையிலேயே இந்தியாவுக்கு வந்து வங்காளப் படையில் சேர்ந்து நெடுங்காலம் பணியாற்றியவர். விடுமுறையில் தாயகம் சென்றபோதெல்லாம் தந்தையின் வரைபடங்களைப் பயின்றார். வரைபடங்களும் பட்டறையும் அவர்க்கே உரிமையாயின. 1874-இல் படையினின்று ஓய்வு பெற்றபின், எஞ்சிய நாளைத் தந்தையின் பொறிகளுக்கே ஒப்படைத்தார்.

ஆயினும் அவரால் சாலொமோனாக இயலவில்லை. எஞ்சிய உறுப்புக்களுட் பெரும்பகுதி பழைய உலோகமாக உருக்கப்பட்டது. எஞ்சியவற்றிலிருந்து ஹென்றி சிறு துண்டுகள் சிலவற்றை இணைத்துக் கேம்பிரிட்ஜ் முதலிய கல்வி நிலையங்களுக்கு அனுப்பினார். அவற்றுள் ஒன்று அமெரிக்காவின் ஹார்வர்டு சர்வகலாசாலையை அடைந்தது. 1889-இல் தந்தையின் பொறிகளைப் பற்றிய எழுத்துக்களைத் தொகுத்து நூலாக வெளியிட்டார். 1910-இல் பகுப்புப் பொறியின் ஆலைப் பகுதி ஒன்றையும் இயங்கச் செய்தார். 1918-இல் மறைந்தார்.

அத்துண்டுகளால் விளைந்த பயன் யாது எனின், கூறுவாம். ஹார்வர்டிலிருந்த துண்டை அங்குப் பயின்ற ஹோவார்டு ஐக்கன் என்பவர் ஏறத்தாழ 50 ஆண்டுகளுக்குப் பின் கண்டார். அவர் வகுத்த பெரும்பொறி 1944-இல் இயங்கத் தொடங்கியது. மேல்மாடத்திற் கிடந்த ஒரு பித்தளைத் துண்டு, உருக்குலைக்குப் போகாது காக்கப்பட்டமையால், பாபேஜின் பெயரைப் புதிய தலைமுறைக்கு எடுத்துரைத்தது.

அருங்காட்சியகத்தில் இயங்கிய பொறி

இனி வருவதே இவ்வரலாற்றின் தலையாய பகுதி. பாபேஜ் ஏன் தோற்றார் என்ற வினாவிற்கு நெடுங்காலம் ஒரு விடை கூறப்பட்டு வந்தது. அக்காலத்துக் கம்மியரால் அத்துணை நுட்பமான உறுப்புக்களைச் செய்ய இயலாது. ஆதலின் அவர் வகுத்தது செய்யலாகாத பொறி என்பதே அவ்விடை. இது மெய்யாயின் அவர் வீண்கனவினர். பொய்யாயின் காலமும் மனிதருமே அவரைக் கெடுத்தனர். இறந்தாரை எழுப்பி வினவ இயலாது. பொறியைச் செய்து பார்த்தல் ஒன்றே வழி.

ஆஸ்திரேலிய நாட்டுச் சிட்னி சர்வகலாசாலையைச் சேர்ந்த ஆலன் புரோம்லி, இலண்டன் அறிவியல் அருங்காட்சியகத்திலிருந்த பாபேஜின் வரைபடங்களைப் பல்லாண்டு ஆராய்ந்து, இரண்டாம் வேற்றுமைப் பொறியைச் செய்தல் கூடும் என்று 1985-இல் எடுத்துரைத்தார். அருங்காட்சியகக் காப்பாளராகிய டோரன் ஸ்வேடு அப்பணியை மேற்கொண்டார். உறுப்புக்களை இக்காலக் கருவிகளாற் செய்தனராயினும், 19-ஆம் நூற்றாண்டிற் கிட்டிய நுட்பத்திற்கு மேற்படாமலே செய்தனர். அக்காலத்தே வழங்கிய வெண்கலம், வார்ப்பிரும்பு, எஃகு இவற்றையே ஒத்த உலோகங்களைக் கொண்டனர். வரைபடத்திற் காணப்பட்ட சிறு பிழைகளைத் திருத்தினர். கைப்பிடியைச் சுற்றுதல் கடினமாய் இருந்தமையின், சுமையைக் குறைக்கப் பற்சக்கர அமைப்பு ஒன்றும் சேர்த்தனர். பணியில் இடர் பல நேர்ந்தன. சக்கரங்கள் அடிக்கடி சிக்கி நின்றன. முடிவில் 1991-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 29-ஆம் நாள், பாபேஜின் 200-ஆம் பிறந்தநாளுக்கு ஒரு திங்கள் இருக்கும்போது, பொறி தன் முதற்பெருங் கணக்கைப் பிழையின்றிச் செய்து முடித்தது. அச்சுப்பொறிப் பகுதியும் அதன்பின் பத்தாண்டளவில் முற்றுப்பெற்றது. இரண்டும் சேர ஏறத்தாழ 5 டன் எடை.

அன்று பழி நீங்கிற்று. அவர் காலத்து நுட்பமே அப்பொறிக்குப் போதுமானது என்பது வெளிப்பட்டது. தோல்விக்குக் காரணம் பணமுடையும், கம்மியர் பிணக்கும், நயமற்ற பேச்சும், ஒன்றை முடிக்குமுன் அதனினும் சிறந்ததை நாடிய அவர்தம் மனமுமே அன்றி, பொறியின் பிழையன்று.

பழம்பொறி காக்கும் முறை

பாபேஜின் பொறிக்குச் செய்த இத்தொண்டு பிற கணிப்பொறிகளுக்கும் இன்று செய்யப்படுகின்றது. 1948-இல் மான்செஸ்டரில் இயங்கிய முதற்பொறியின் மறுபடைப்பு, 1998-இல் அதன் பொன்விழாவிற்கு இயக்கப்பட்டது. போர்க்காலத்தே பகைவர் மறைமொழியைத் திறந்த கொலாஸஸ் என்னும் பொறியை, எஞ்சிய சில படங்களையும் வரைபடத் துணுக்குகளையும் கொண்டு டோனி ஸேல் என்பார் பிளெச்லி பூங்காவில் மீண்டும் அமைத்தார். ஹார்வெலில் 1951-இல் இயங்கத் தொடங்கிய பொறியோ மறுபடைப்பன்று. பழைய உறுப்புக்களையே துடைத்துச் செப்பனிட்டு 2012-இல் மீண்டும் இயக்கினர்.

பழம்பொறியைக் கண்டவுடன் மின்னிணைப்புக் கொடுத்தல் பேதைமை. பல்லாண்டு உறங்கிய மின்தேக்கிகள் வெடித்தலும், ரப்பர் உருளைகள் பாகாய் உருகி ஒட்டுதலும் உண்டு. ஆதலின் முதலில் உள்ளது உள்ளவாறே படம் எடுத்து, கம்பிகளைக் குறித்து, தூசு நீக்கி, மின்னழுத்தத்தைச் சிறிது சிறிதாக ஏற்றிச் சோதிப்பர். கெட்ட உறுப்பை மாற்றின், பழையதை எறியாது பெயர்ச்சீட்டு இட்டு வைப்பர். எதைப் பழையதாகவே விடுவது, எதைப் புதிதாக்குவது என்பதே இத்தொழிலின் அறக்கேள்வி. சித்தன்னவாசலில் அழிந்துபோன தாமரை இதழை இன்று ஒருவர் புதிதாகத் தீட்டின், அஃது ஓவியம் ஆகும். பழைய ஓவியம் ஆகாது. ஆதலின் உதிராது நிறுத்துவதோடு காப்போர் அமைகின்றனர். பொறியின் இயல்போ வேறு. இயங்குவதற்கே பிறந்த பொருள் அது. இயங்காத பொறி பாதி மறைந்த பொறியே. ஆயினும் இயக்குங்கால் அது தேய்கின்றது. ஆகவே பழைய உடலைத் தொடாது வைத்து, புதிய உடல் ஒன்று செய்து இயக்குதல் இலண்டனில் கண்ட வழி. 1832-இல் இணைத்த பழைய பகுதியும் அவ்வருங்காட்சியகத்திலேயே காக்கப்படுகின்றது.

முடிவுரை

நம் நாட்டிற்கும் இதில் பங்குண்டு. டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தார் தாமே அமைத்த கணிப்பொறி பம்பாயில் 1960-இல் பணி தொடங்கியது. 1973-இல் சென்னை ஐ.ஐ.டி. பெரிய ஐ.பி.எம். கணிப்பொறி ஒன்றைப் பெற்றது. அக்காலத்தே துளையட்டைகளை அடுக்கிக்கொண்டு வரிசையில் நின்றவர்கள் இன்று முதியோராயினர். அவர்கள் நினைவும், அப்பொறிகளின் கையேடுகளும், பிரித்தெடுத்த பலகைகளும் எடைக்கு விற்கப்படின் மீண்டும் கிட்டா.

கல்லூரிகளின் பரண்களிலும் ஆய்வுக்கூட மூலைகளிலும் பழைய கணக்கிடு கருவிகளும், தட்டச்சுப் பொறிகளும், முதன்முதல் வந்த கணிப்பொறிகளும் கிடத்தல் கூடும். அவற்றைக் கழிவென ஒதுக்குமுன், ஒருமுறை பெயரும் ஆண்டும் குறித்து, ஒரு பெட்டியிலேனும் இட்டு வைத்தல் ஆசிரியர்க்கும் மாணவர்க்கும் அரியதொரு செயலன்று. பழைய மாணவர்களும் தாம் அவற்றை எவ்வாறு இயக்கினர் என்பதை எழுதி அனுப்புவாராயின், பொருளோடு அதன் கதையும் பிழைக்கும்.

பாபேஜ் தம் பொறி இயங்கக் காணாமலே கண்மூடினார். தம்முடைய பணி யாவர்க்குப் பயன்படும் என்பதை அவர் அறிந்திலர். ஆயினும் ஒவ்வொரு சக்கரத்தையும் இன்ன அளவு, இன்ன இடம் என்று தெளிவுற வரைந்து வைத்தார். தாளைக் காத்தவர் சிலர். துண்டைக் காத்தவர் சிலர். அவற்றைக் கற்றுணர்ந்து பொறியாக்கியவர் சிலர். அவரவர் தத்தம் பங்கை நேர்மையுடன் செய்தமையால், 142 ஆண்டுகள் தாளிற் கிடந்த சக்கரங்கள் சுழன்றன. நம் கைக்கு வந்ததை நாம் முடிக்கலாகாதாயினும், பின்வருவோர் முடிக்கத்தக்க நிலையில் அதனைத் தெளிவாக வைத்துச் செல்வோமாக.